மரியாதைக்கு ஒரு வேண்டாம்

புரூக்ளின்
16 செப்டம்பர் 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. நூற்று முப்பத்தெட்டு மருத்துவமனைகள். ஏன் இத்தனை என்று கேட்காதீர்கள். கரீபியன் தீவில் படித்தவளை யாரும் தாம்பாளம் வைத்து அழைப்பதில்லை. போன வருஷம் இடம் கிடைக்காதவளை அதற்கும் கீழே வைப்பார்கள். இந்த வருஷமும் கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது தடவை என் பெயரைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுவார்கள். பட்டம் சுவரில் தொங்குகிறது. ஆனால் பயிற்சி இடம் கிடைக்கிறவரை ஒரு காய்ச்சல் மாத்திரை எழுதிக்கொடுக்கக்கூட எனக்கு அதிகாரம் இல்லை.

போன வருஷம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. நேர்காணலுக்கு நாலு அழைப்பு வந்தது. அவசரப் பிரிவில் டாக்டர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், போன் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. பத்து நேர்காணல் தேதிக்கு இருபது பேரைக் கூப்பிடுகிறார்கள். முந்தினவர்களுக்குத்தான் கிடைக்கும். நான் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது இரண்டுதான் மிச்சம் இருந்தது.

அதனால் இந்த முறை நீங்கள் உட்காருங்கள். உங்கள் காதுக்குப் போன் ஒத்துவராது, ஆனால் கண் நன்றாக இருக்கிறது. என் மெயிலின் பாஸ்வேர்டைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அழைப்பு வந்ததும் திறங்கள். தேதிகள் காட்டினால் முதல் தேதியை அழுத்துங்கள். பதில் எழுதச் சொன்னால் என் பெயரில் "வருகிறேன், நன்றி" என்று எழுதுங்கள், அவ்வளவுதான். யோசிக்க வேண்டாம். இதை வெளியே சொல்லவும் வேண்டாம். எல்லார் வீட்டிலும் அம்மாவோ புருஷனோ இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

பிரிட்டா


மின்னசோட்டா
8 அக்டோபர் 2013

அன்புள்ள பிரிட்டா,

ஒன்று கிடைத்துவிட்டது. மிச்சிகன், டிசம்பர் மூன்று. காலை ஒன்பது பதினாலுக்கு வந்தது, ஒன்பது பதினைந்துக்கு அழுத்திவிட்டேன்.

இந்த வருஷம் எடைமேடை வேலைக்குப் போகவில்லை. அறுவடையாகிச் சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட்ரூட் லாரிகள் இராப்பகலாக ஓடுகின்றன, எனக்குப் பதில் ஹால்வர்சன் பையன் உட்கார்ந்து எடை போடுகிறான். பக்கத்து வீட்டு வெர்லின் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன ஓர்லின், கம்ப்யூட்டர்ல பொண்ணு தேடுறியா?"

"ஆமா, உன் மாமியார் படம்தான் வந்துருக்கு," என்றேன்.

உன் அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் வெளியே துரத்தியிருப்பாள்.

ஒரு விஷயம். மிச்சிகன்காரர்கள் வெறும் பொத்தான் அனுப்பினார்கள், அழுத்தினேன், பொத்தானிடம் என்ன மரியாதை. ஆனால் சில இடங்களில் ஆளே எழுதுகிறார்கள், அன்புள்ள டாக்டர் ட்வெய்ட் என்று தொடங்கி, பெயர் போட்டு. அவர்களுக்கு நீ சொன்ன மாதிரி மொட்டையாக எழுத எனக்குக் கை வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளை அப்படி வளர்ந்தவள் இல்லை. முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன், கவலைப்படாதே. வந்த கடிதங்களை அன்றன்றைக்கே எடுத்துத் தனியாக அடுக்கிவிடுகிறேன். மேசை சுத்தமாக இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும்.

அப்பா


புரூக்ளின்
20 அக்டோபர் 2013

அப்பா,

மிச்சிகன் கிடைத்ததைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகைதான்.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லையே. தினமும் வேலை முடிந்து பஸ்ஸில் மெயிலைத் திறக்கிறேன், துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. என்னோடு தட்டச்சு செய்யும் ஃபரீதாவும் அதே தீவில் படித்தவள்தான். பரீட்சையில் என்னைவிடக் கம்மி. அவளுக்கு ஏழு வந்திருக்கிறது. அவள் புருஷன் டாக்சியை ஓரம் கட்டிவிட்டு அழைப்பைப் பிடிக்கிறானாம்.

"உனக்கு எத்தனைடி?" என்று நேற்று கேட்டாள்.

"எண்ணலை," என்றேன்.

"எண்ண முடியாத அளவுக்கா? அடிப்பாவி."

சிரித்துவைத்தேன். இராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஒரே ஒரு நேர்காணலை வைத்துக்கொண்டு இடம் கிடைத்தவர்கள் அபூர்வம். ஐந்தாறாவது வேண்டும். போன வருஷத்தைவிட என்ன மோசமாகச் செய்தேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கம்ப்யூட்டரைவிட்டு ரொம்ப நேரம் எழுந்து போகாதீர்கள்.

பிரிட்டா


மின்னசோட்டா
29 அக்டோபர் 2013

அன்புள்ள பிரிட்டா,

நீ மனசு உடைந்து எழுதியதைப் படித்ததும் எனக்கும் காபி இறங்கவில்லை. யார் சொன்னது ஒன்றும் வரவில்லை என்று? ஐந்து வந்திருக்கிறது. ஒஹாயோ, நியூ ஜெர்சி, பென்சில்வேனியாவில் இரண்டு, அப்புறம் கான்சஸ். எல்லாம் நான் அடுக்கிவைத்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது. முடிந்த பிறகு மொத்தமாகச் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஒஹாயோ அம்மாள்தான் முதலில் எழுதினாள். மிகவும் தங்கமான பெண் போலிருக்கிறது. நான் உடனே பதில் போட்டேன், அதில் ஒரு நிமிஷம் தாமதம் இல்லை. உங்கள் அழைப்புக்கு மிக்க நன்றி, எனக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம், பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது காத்திருந்தால் இந்தத் தேதியை அவர்களுக்கே கொடுங்கள் என்று எழுதினேன். மற்ற நாலு பேருக்கும் ஏறக்குறைய அப்படியே. இன்னும் யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அறுவடை நேரம் மாதிரி அவர்களுக்கும் வேலை நெருக்கடி இருக்கும். கேட்டதும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா


புரூக்ளின்
4 நவம்பர் 2013

அப்பா,

அவர்கள் கேட்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தை நடைபாதையிலேயே நின்று படித்தேன். மெயிலில் நீங்கள் அடுக்கிவைத்த இடத்தைத் திறந்து பார்த்தேன். ஐந்து அழைப்பு. ஐந்து "வேண்டாம்". ஐந்துக்கும் கீழே அவர்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள், தெரிவித்ததற்கு நன்றி, வாழ்த்துகள் என்று. அதை நீங்கள் என்னவென்று நினைத்தீர்கள்? பேச்சு தொடர்கிறது என்றா?

இன்று லீவு போட்டுவிட்டு ஐந்து இடத்துக்கும் போன் பண்ணினேன். நியூ ஜெர்சிக்காரி சொன்னாள்:

"நீதானம்மா வேணாம்னு எழுதின. அன்னிக்கே வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்."

"அது சும்மா மரியாதைக்குச் சொன்னதுங்க."

"மரியாதைக்கா? வேணும்னா வேணும்னு சொல்றதுக்கு என்ன?"

அவளுக்கு நான் என்ன சொல்லுவேன்? எங்கள் ஊரில் ஒருவர் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாவது தடவை உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம், மூன்றாவது தடவை கேட்டால்தான் அரைக் கப் போதும் என்போம் என்று சொல்லவா? ஒரு ஆஸ்பத்திரிக்கு எண்ணூறு பேர் நிற்கிறார்கள் அப்பா. அங்கே யார் இரண்டாவது தடவை கேட்பார்கள்?

"வருகிறேன், நன்றி." இரண்டு வார்த்தை. அதைத்தானே கேட்டேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இனி நீங்கள் பார்க்க வேண்டாம். பார்ப்பதற்கு எதுவும் வராது.

பிரிட்டா


மின்னசோட்டா
9 நவம்பர் 2013

பிரிட்டா,

மூன்று தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

உன் அம்மாவை நடனத்துக்குக் கூப்பிட்டபோது இரண்டு தடவை மாட்டேன் என்றாள். மூன்றாவது தடவை நான் கேட்காமல் போயிருந்தால் நீ இல்லை. அறுபத்தாறு வருஷம் எனக்கு உலகம் இப்படித்தான் தெரிந்தது. கேட்டவுடன் கையை நீட்டுகிறவர்களை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். உன்னை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது என்றுதான் செய்தேன். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. நீ தெளிவாக இரண்டு வார்த்தை சொல்லியிருந்தாய், எனக்குத் தெரியும் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். கெடுத்தது நான்.

நான் கெடுத்ததை நானே சரி செய்ய வேண்டும் அல்லவா. தேவாலயச் செயலாளர் என்ற முறையில் என்னிடம் இருக்கும் முகவரி அச்சிட்ட தாளில், என் கையாலேயே எல்லோருக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். அந்தப் பதில்களை என் மகள் எழுதவில்லை, அவள் பெயரில் நான் எழுதினேன், அவளுக்கு வர ஆசை, தவறு முழுக்க என்னுடையது என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் மனுஷர்கள் புரிந்துகொள்வார்கள். என்மேல் கோபமாக இரு, ஆனால் எழுதாமல் இருக்காதே.

அப்பா


புரூக்ளின்
5 டிசம்பர் 2013

அப்பா,

மிச்சிகன் முடிந்தது.

உங்கள் கடிதம், கைவிட்டுப் போன அந்த ஐந்து இடத்துக்கு மட்டும் போயிருக்கும் என்று நினைத்து, போனது போனதுதானே என்று இருந்துவிட்டேன். நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் இயக்குநர் மேசைமேல் அதை விரித்து வைத்தார். தேவாலயப் படம் அச்சிட்ட தாள். உங்கள் கையெழுத்து.

"டாக்டர் ட்வெய்ட், இது உங்க அப்பா எழுதினதா?" என்று கேட்டார். "உங்க பேர்ல வேற ஒருத்தர் எங்களுக்குப் பதில் அனுப்பினாரா? உங்க சம்மதத்தோடயா?"

ஆமாம் என்றால் ஏமாற்றுக்காரி. நோயாளியின் சீட்டிலும் இப்படி அடுத்தவரைக் கையெழுத்துப் போடச் சொல்வாயா என்று கேட்பார்கள். இல்லை என்றால் நீங்கள் திருடன். எனக்கு மிச்சம் இருந்தது மிச்சிகன் என்ற அந்த ஒரு கதவுதான்.

சமாளித்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். அதன் பிறகு அவர் நன்றாகவே பேசினார்.

அவர்களுக்கு எதற்கு எழுதினீர்கள்? அங்கே எதுவும் கெடவில்லையே. உங்கள் மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக என் கழுத்தை நீட்டியிருக்கிறீர்கள். இனி யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

பிரிட்டா


மின்னசோட்டா
14 ஜனவரி 2014

அன்புள்ள பிரிட்டா,

யாருக்கும் எழுதாதே என்றாய். உனக்கும் சேர்த்துத்தானா என்று தெரியாமல் ஒரு மாதம் இருந்தேன். இப்போது எழுதாமல் முடியாது.

மிச்சிகனுக்கும் ஏன் எழுதினேன் என்று கேட்டாய். அங்கேயும் உன் பெயரில் பொத்தானை அழுத்தினது நான்தானே. ஐந்து பேரிடம் சொல்லிவிட்டு ஒருவரிடம் மறைப்பது சரி இல்லை என்று பட்டது. அது உன் கழுத்து என்று எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் போதகர் கார்லா வந்தாள். காபி வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"ஓர்லின், மிச்சிகன்லேர்ந்து டோரீன்னு ஒரு அம்மா தேவாலயத்துக்குப் போன் பண்ணாங்க. நேர்காணல் ஏற்பாடெல்லாம் அவங்கதான் பண்றாங்களாம். உங்க கடுதாசில இருந்த நம்பராம்."

"எதுக்கு?"

"உங்களைப் பத்தி விசாரிக்கத்தான். பிரிட்டா சொல்லி அழுதாங்களாம், உங்களுக்கு ஞாபகம் தப்புதுன்னு, என்ன செய்றோம்னே தெரியலைன்னு. தனியா இருக்கீங்களேன்னு அந்தம்மாவுக்குக் கவலை. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

கையில் காபிப் பாத்திரம் இருந்தது. அதைக் கீழே வைப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னால் கார்லா அந்த அம்மாளைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்வாள். உனக்கு அந்த இடமும் போய்விடும்.

"ஆமா," என்றேன். "கொஞ்ச நாளா அப்படித்தான்."

அப்புறம் டோரீனே எழுதினாள், பிள்ளைகளுக்கு எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில். உங்களை இவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொள்ளும் மகள் நல்ல டாக்டராக வருவாள் என்று இருந்தது. நான் பதில் போட்டேன். அந்தக் கடிதங்களை எழுதியதாக எனக்கு நினைவில்லை, மகளின் மெயிலில் எதையாவது தட்டியிருப்பேன், அவளுக்குத் தெரியாது என்று. எழுத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. நாலு வரிக்கு மூன்று நாள் ஆனது.

எனக்கு அவமானமாக இருந்தது. உன்மேல் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் இருந்தது.

செயலாளர் பதவியை ஹால்வர்சன் சம்சாரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வெர்லின் என் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே போனாலும் அவனே ஓட்டுகிறான், வழியெல்லாம் சத்தமாக, மெதுவாகப் பேசுகிறான். எடைமேடைக்காரர்கள் அடுத்த அக்டோபர் ஓய்வெடுங்கள் என்கிறார்கள். புத்தி தடுமாறுகிறவன் எப்படி எடை போடுவான், அவர்கள் சொல்வது நியாயம்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் யாராவது உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்த பாத்திரத்தோடு வருகிறார்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்தால் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். மறக்காமல் கொடுத்தால் இன்னும் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

மார்ச்சில் முடிவு வரும் வரைக்கும்தானே. உனக்கு இடம் கிடைக்கட்டும்.

அப்பா


புரூக்ளின்
17 மார்ச் 2014

அப்பா,

கிடைக்கவில்லை.

காலை பதினொரு மணிக்கு வந்தது. வருந்துகிறோம், உங்களுக்கு எந்த இடமும் ஒதுக்கப்படவில்லை. போன வருஷத்து வரியேதான், ஒரு எழுத்து மாறவில்லை. ஃபரீதாவுக்குக் கிடைத்திருக்கிறது. கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், அவளுக்காக அழுவதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

உங்கள் ஜனவரிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட முடியவில்லை. மிச்சிகனில் அந்த அறையில் நான் சொன்னது இதுதான்: "எங்க அப்பாவுக்கு மறதி நோய் சார். என் மெயிலுக்குள்ள எப்படிப் போனார்னே தெரியலை." யோசிக்கவே இல்லை, வாயைத் திறந்ததும் வந்துவிட்டது. இயக்குநருக்குக் கண் கலங்கியது. அவருடைய அப்பாவும் அப்படித்தான் போனாராம். கைக்குட்டையை நீட்டினார், வாங்கித் துடைத்துக்கொண்டேன். இதோடு தேறிவிட்டோம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் அப்பா. அதை என்னால் மறக்க முடியவில்லை.

உங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் வாங்கிக்கொண்டு எனக்கு ஒன்றும் தரவில்லை.

இனி விண்ணப்பிக்கப் போவதில்லை. கேட்கிறவர்கள் யாரும் மிச்சமில்லை. தட்டச்சு வேலை இருக்கிறது, அது போதும். அதனால் நீங்கள் இனி நடிக்க வேண்டாம். கார்லாவிடம் சொல்லுங்கள், வெர்லினிடம் சாவியைக் கேட்டு வாங்குங்கள். பெண்தான் பொய் சொன்னாள் என்றே சொல்லுங்கள். எனக்கு இனிக் கெடுவதற்கு எதுவும் இல்லை.

பிரிட்டா


மின்னசோட்டா
25 மார்ச் 2014

அன்புள்ள பிரிட்டா,

உன் கடிதம் வந்த அன்று கோட்டை மாட்டிக்கொண்டு வெர்லின் வீட்டுக்குத்தான் போனேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல வெர்லின். ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பொண்ணு வேலைக்காக ஒரு பொய் சொன்னா, நானும் ஆமான்னு சொன்னேன். அவ்வளவுதான். சாவியைக் குடு."

"சரி ஓர்லின், சரி. உள்ள வா, குளிருது."

"சாவியைக் குடுடா."

"குடுக்கறேன். முதல்ல கார்லாவைக் கூப்பிடலாம், சரியா?"

கார்லா வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த நோயில சில பேருக்கு, எனக்கு நோயே இல்லைன்னு தோணுமாம் ஓர்லின். புள்ளைங்கதான் பொய் சொல்றாங்கன்னு தோணுமாம். பிரிட்டா மேல கோவப்படாதீங்க," என்றாள். உன் கடிதத்தைக் காட்டலாம் என்று பையில் கை வைத்தேன். நீ எழுதியிருந்ததையெல்லாம் அவள் படிக்க வேண்டாம் என்று தோன்றியது, எடுக்கவில்லை.

நேற்று இரண்டு பேருமாக என்னை ஃபார்கோ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், ஞாபகப் பரிசோதனைக்கு. டாக்டர் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. என் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு ஐந்து வார்த்தை சொன்னாள், கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லணும் என்றாள். அந்தக் காதில் எனக்கு என்ன விழும்? காது கேட்கவில்லை என்றேன். பரவாயில்லை என்று எழுதிக்கொண்டாள்.

"பேப்பரையெல்லாம் வையும்மா," என்றேன். "என் பொண்ணே டாக்டர்தான். அவகிட்ட கேட்டுக்கோ."

"அப்படியா, எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க?"

டாக்டர்தான், ஆனால் டாக்டராக இல்லை என்று எப்படிச் சொல்வது? கார்லாவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, காலை பத்தரைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்து என்னை எங்காவது சேர்ப்பது பற்றிப் பேசுவார்கள் போலிருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் கூட வரணும் என்றார்கள். நீ வா. வரும்போது அந்தப் பெண்ணிடம் காட்ட உன் பட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வா.

அப்பா